எண்ட குரல் பிந்தி வருது மனே

போன மாதம் எங்களிடம் வந்த ஒரு தம்பி கேட்டான், "அண்ணா, பாட்டெல்லாம் எந்த சொஃப்ட்வெயார்ல செய்றீங்க?" ஆர்டர் என்றோம். எதற்கோ ஓடர் கொடுக்கச் சொல்கிறோம் என்று நினைத்துவிட்டான். லினக்ஸில் ஓடுகிற ஒலிப்பதிவு மென்பொருள் அது என்று விளக்கினோம். "லினக்ஸா? அது ஹக் பண்றவங்க பாவிக்கிறதில்லையா?" என்றான்.

சிரித்து அனுப்பிவிட்டோம். ஆனால் அவனுக்கு ஒழுங்கான பதில் சொல்லவில்லை என்பது மனதில் உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தக் கட்டுரை அந்தப் பதில்தான். கொஞ்சம் நீளம். தொடங்க வேண்டிய இடம் லினக்ஸ் இல்லை, ஒரு கூத்து அண்ணாவியார்.

நாங்கள் நாலு பேர், மட்டக்களப்பு. ஒருத்தன் கிட்டார் வாசிப்பான், ஒருத்தி பாடுவாள், ஒருத்தன் ராப் எழுதுவான், மற்றவனுக்கு வயர் சுற்றத் தெரியும். 2021 இல், கொரோனாவால் கோயில் சடங்கும் கூத்தும் நின்றுபோயிருந்த காலத்தில், எங்களில் ஒருத்தனுக்குப் பெரியப்பா முறையான ஒரு அண்ணாவியாரைப் போய்ப் பார்த்தோம். பிறகு எங்கள் எல்லோருக்குமே அவர் பெரியப்பா ஆகிவிட்டார். வடமோடிக் கூத்து பழக்கியவர். வரவுப் பாட்டுகள் அவருக்கு மனப்பாடம். பழைய சி.ஆர். கொப்பி ஒன்றிலும் எழுதி வைத்திருந்தார், ஆனால் அதைத் திறந்து நாங்கள் கண்டதில்லை.

எங்கள் திட்டம் சின்னது. அவருடைய மத்தளத்தையும் குரலையும் தனித்தனியாகப் பதிவது. சல்லரி ஒரு தடத்தில், பிற்பாட்டு இன்னொரு தடத்தில். அதற்கு மேல் எங்கள் கிட்டாரையும் ராப்பையும் வைத்துப் பார்ப்பது. மூன்று நாள் அவருடைய விறாந்தையில் இருந்து 11 பாட்டுப் பதிந்தோம்.

பதிந்த மென்பொருள் கிராக் பண்ணினது. பெயர் இங்கே தேவையில்லை, ஏனென்றால் பிழை அதைச் செய்தவர்களுடையது இல்லை. பென்ட்ரைவில் வந்தது, போட்டோம், ஓடியது. அதைக் களவு என்று நாங்கள் ஒரு நாளும் நினைத்ததில்லை. எங்களைச் சுற்றி இருந்த எல்லோரும் அப்படித்தான் பாவித்தார்கள். விலையைப் பார்த்தால் டொலரில் இருக்கும். அதை 200ஆல் பெருக்குவோம், சிரிப்போம், மூடிவிடுவோம். 2022 பங்குனியில் டொலர் ஏறத் தொடங்கியது, வைகாசியில் 360 ரூபாய் அளவுக்குப் போனது. பெருக்கிப் பார்க்கிற ஆசைகூட அதோடு போய்விட்டது.

அதே பங்குனியில்தான் அது நடந்தது. மென்பொருள் ஒரு நாள் திறக்க மாட்டேன் என்றது. புதிய கிராக் தேடினோம், ஒன்று கிடைத்தது, இயக்கினோம். ஒன்றும் நடக்கவில்லை போல இருந்தது. அடுத்த நாள் கரண்ட் வந்த நேரம் பார்த்தால், எல்லாக் கோப்பின் பெயருக்குப் பின்னாலும் நாலு எழுத்துப் புதிதாக ஒட்டியிருந்தது. எதுவும் திறக்கவில்லை. கூடவே ஒரு கடிதம். உங்கள் கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறப்பு வேண்டுமென்றால் டொலர் அனுப்புங்கள் என்று. வெளியே கழற்றி வைக்க வேண்டிய ஹார்ட் டிஸ்க், நகல் எடுத்து வைத்திருந்த அதே ஹார்ட் டிஸ்க், அந்த நேரம் லப்டொப்பில்தான் குத்தியிருந்தது. அதிலிருந்ததும் பூட்டப்பட்டது.

மிஞ்சியது வட்ஸ்அப்பில் நாங்கள் ஆளுக்காள் அனுப்பிய ஒரு துண்டு மட்டும். 1 நிமிடம் 40 செக்கன். எல்லாத் தடமும் ஒன்றாக நசுங்கிய, மத்தளமும் மழையும் பிரித்தறிய முடியாத ஒரு துண்டு.

பெரியப்பாவிடம் சொல்லத்தான் கால் வரவில்லை. ஒரு கிழமை இழுத்தடித்துவிட்டுப் போய்ச் சொன்னோம். கோபப்படுவார் என்று நினைத்தோம். "அதுக்கென்ன மனே, ஆறுதலாத் திரும்பப் பாடுவம்" என்றார். எரிபொருளுக்கு ஊரே வரிசையில் நின்ற ஆனி மாதம் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. பெரிதாக இல்லை. பேச்சுத் திரும்பிவிட்டது, நடக்கிறார். ஆனால் இடது கை பழையபடி மத்தளத்தில் விழுவதில்லை.

2021 இல் நாங்கள் பதிந்த அந்த இடது கை இனி இல்லை. இதை எந்த மென்பொருளாலும் சரிக்கட்ட முடியாது. அதை முதலே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இதற்குப் பிறகு வருவது எல்லாம் ஏதோ வெற்றிக் கதை போலத் தெரியலாம்.

பழைய லப்டொப்பைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டது கொள்கைக்காக இல்லை. கிராக் மென்பொருளைத் திரும்பத் தொடப் பயம், காசுக்கு வாங்க வழியில்லை, அவ்வளவுதான். எங்களில் ஒருத்திக்கு கம்பஸில் லினக்ஸ் பழக்கம் இருந்தது. உபுண்டு ஸ்டூடியோ என்று ஒன்று இருக்கிறது என்று சொன்னாள். 2007 இலிருந்து வருகிறது, இசை, காணொளி, ஓவியம் செய்கிறவர்களுக்கு வேண்டிய மென்பொருள்களை முதலே உள்ளுக்குள் போட்டுத் தருகிறது. இரவு டேட்டாவில் இரண்டு இரவு இறக்கிப் பென்ட்ரைவில் ஏற்றினோம்.

முதல் நாள் சத்தமே வரவில்லை. இரண்டாம் நாள் யூரியூப்பில் வந்தது, ஆர்டரில் வரவில்லை. மூன்றாம் நாள் ஆர்டரில் வந்தது, யூரியூப்பில் போய்விட்டது. எங்களில் ராப் எழுதுகிறவன் "பூதம் புகுந்த பெட்டி" என்று அதற்குப் பெயர் வைத்தான்.

ஏன் அப்படி என்று விளங்க எங்களுக்கு ஒரு மாதம் எடுத்தது. உங்களுக்கு ஒரு பந்தியில் சொல்கிறோம். லினக்ஸில் ஒலி அடுக்கடுக்காக இருக்கிறது. அடியில் ஆல்சா. அது கேர்னலுக்குள் இருந்துகொண்டு ஒலி அட்டையோடு நேரடியாகக் கதைக்கும். அதற்கு மேல் இரண்டு பேர் இருந்தார்கள். பல்ஸ்ஓடியோ என்பது அன்றாடப் பாவனைக்கு. உலாவி, படம், அழைப்பு எல்லாவற்றின் சத்தத்தையும் கலந்து ஒரே ஸ்பீக்கருக்கு அனுப்பும், கொஞ்சம் பிந்தினாலும் கவலைப்படாது. ஜாக் என்பது இசைக்காரருக்கு. எந்த மென்பொருளின் சத்தத்தையும் எந்த மென்பொருளுக்குள்ளும் வயர் குத்துவது போல இழுத்து விடலாம், நேரம் பிந்தக்கூடாது என்பதில் கடும் கண்டிப்பு. சிக்கல் என்னவென்றால், ஜாக் ஒலி அட்டையைப் பிடித்துக்கொண்டால் மற்றவருக்கு இடமில்லை. எங்கள் பூதம் அதுதான்.

இப்போது அந்தச் சண்டை பெரும்பாலும் முடிந்துவிட்டது. விம் டேமன்ஸ் என்பவர் தொடங்கிய பைப்வயர் இரண்டு பேருடைய பாஷையும் பேசுகிறது. அதன் 1.0 பதிப்பு 2023 கார்த்திகையில் வந்தது. இன்றைக்குப் புதிதாக லினக்ஸ் போடுகிறவர்களுக்கு நாங்கள் பட்ட பாட்டில் பாதிகூட இல்லை. அந்தத் தம்பி கேட்டான் என்றால் முதலில் இதைத்தான் சொல்வோம்: பழைய கதைகளைக் கேட்டுப் பயப்படாதே.

அடுத்தது ஒலி இடைமுகப் பெட்டி. மைக்கைக் குத்துகிற அந்தச் சின்னப் பெட்டியைத்தான் சொல்கிறோம். யூஎஸ்பி ஒலிக் கருவிகளுக்கு ஒரு பொது நியமம் இருக்கிறது. அதன்படி செய்த பெட்டி என்றால் லினக்ஸில் குத்தியவுடனே வேலை செய்யும், டிரைவர் தேடத் தேவையில்லை. எங்களுடையது இரண்டு மைக் குத்தக்கூடிய, மலிவான, இரண்டாம் கைப் பெட்டி. குத்தினோம், தெரிந்தது. ஆனால் சில பெட்டிகளின் உள் அமைப்பை மாற்ற உற்பத்தியாளரின் தனி மென்பொருள் வேண்டும், அது பல நேரம் லினக்ஸுக்கு வராது. வாங்க முதல் அந்த மாடல் லினக்ஸில் ஓடுமா என்று தேடிப் பார்ப்பது கட்டாயம்.

எல்லாம் சரி என்று நினைத்துக்கொண்டு பெரியப்பாவிடம் போனோம். இனி மத்தளம் வேறொருவர் அடிப்பார், பெரியப்பா பாடுவார் என்று பேச்சு. ஹெட்போனைப் போட்டுவிட்டோம். இரண்டு வரி பாடினார். நிறுத்தினார். ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தார்.

"எண்ட குரல் பிந்தி வருது மனே. ஆரோ பின்னால நிண்டு பழிப்புக் காட்டுற மாதிரி இரிக்கி."

எங்களுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. பாடுகிறவருக்குத் தாளம் தெரியாமல் போவது என்றால் என்ன என்பதை அன்று கண்டோம். ஐம்பது வருசம் களரியில் நின்ற மனிசன் இரண்டு வரியில் தடுமாறினார்.

கணக்கு இதுதான். கணினி ஒலியைச் சொட்டுச் சொட்டாக எடுக்காது. வாளியில் நிரப்பி, வாளி வாளியாகத்தான் தூக்கும். செக்கனுக்கு 48000 மாதிரிகள் எடுக்கிறோம், வாளி ஒன்று 1024 கொள்ளும் என்றால், ஒரு வாளி நிரம்ப 21 மில்லிசெக்கன் ஆகும். உள்ளே வர ஒரு வாளி, வெளியே போக இரண்டு வாளி. 60 மில்லிசெக்கன்டைத் தாண்டிவிடும். ஒலி காற்றில் ஒரு மில்லிசெக்கனுக்குச் சுமார் 34 சென்ரிமீற்றர் போகும். அப்படியென்றால் பெரியப்பாவின் குரல் 20 மீற்றர் தள்ளி நின்று யாரோ பாடுவது போல அவர் காதுக்கு வருகிறது. களரியில் பிற்பாட்டுக்காரர் அவருக்குப் பக்கத்திலேயே நிற்பார்கள். 20 மீற்றர் என்றால் சனத்தைத் தாண்டிக் கடலைக்காரன் நிற்கிற இடம்.

வாளியைச் சின்னதாக்கலாம். 128 ஆக்கினால் ஒரு வாளி 2.7 மில்லிசெக்கன். எல்லாம் சேர்த்து 10 அளவில், கிட்டத்தட்ட மூன்றரை மீற்றர் தூரம். பாடலாம். ஆனால் வாளி சின்னதானால் கணினி அடிக்கடி ஓடி வந்து தூக்க வேண்டும். வேறு வேலையில் மினக்கெட்டு ஒரு வாளியைத் தவறவிட்டால் "டக்" என்று ஒரு வெடிப்புச் சத்தம் பதிவில் விழும். எக்ஸ்ரன் என்று அதற்குப் பெயர். எங்களுக்கு மழைபோல விழுந்தது.

பிறகு இரண்டு கிழமை அதுதான் வேலை. எங்கள் பயனர் கணக்கை ஓடியோ குழுவுக்குள் சேர்த்தோம். அப்படிச் செய்தால்தான் ஒலி வேலைக்கு முன்னுரிமை கேட்கக் கணினி அனுமதிக்கும். சிபியு மின்சாரம் மிச்சம் பிடிப்பதை நிறுத்தி முழு வேகத்தில் ஓட விட்டோம். கடைசியில் பெரிய குற்றவாளி வைஃபை என்று கண்டுபிடித்தோம். அதை அணைத்தவுடன் வெடிப்பு நின்றது. அன்று இரவு நாங்கள் நாலு பேரும் அரை மணித்தியாலம் மூச்சுவிடாமல் பதிவு ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எக்ஸ்ரன் கணக்கு பூச்சியத்திலேயே நின்றது.

அதற்குப் பிறகுதான் வயர் சுற்றுகிறவன் பெட்டியின் முகப்பில் ஒரு சின்னச் சுவிட்சைக் காட்டினான். நேரடிக் கேள்விச் சுவிட்ச். அதைப் போட்டால் மைக்கின் சத்தம் கணினிக்குள் போய் வராமல் பெட்டியிலிருந்தே நேராக ஹெட்போனுக்குப் போகும். பிந்தலே இல்லை. முதல் நாளே அதைத் தட்டியிருந்தால் பெரியப்பா பாடியிருப்பார்.

இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரண்டு கிழமையை வீண் என்று சொல்ல மனம் வரவில்லை. கீபோர்டைக் குத்தி மென்பொருள் இசைக்கருவி வாசிக்கும்போது அந்தச் சுவிட்ச் உதவாது, ஏனென்றால் சத்தம் பிறப்பதே கணினிக்குள்தான். கிட்டாரைக் கிட்டாரிக்ஸ் வழியாக அனுப்பி அம்ப் சத்தம் எடுக்கவும் அப்படித்தான். அங்கே வாளிக் கணக்குத் தெரிய வேண்டும். அதோடு, கிராக் மென்பொருளை மூன்று வருசம் பாவித்தும் எங்களுக்கு ஒலி எப்படி உள்ளே வந்து வெளியே போகிறது என்று தெரியாது. பிழைத்தால் இன்னொரு கிராக் தேடுவோம், அதற்கு மேல் யோசித்ததில்லை.

வாளி தவறாமல் தூக்குகிற இந்தப் பிரச்சினைக்காக வாழ்க்கையில் பாதியைக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். தோமஸ் கிளைக்ஸ்னரும் இன்னும் பலரும் சுமார் இருபது வருசமாக, அவசர வேலை வந்தால் கேர்னல் மற்றதை எல்லாம் விட்டு உடனே வழிவிடுகிற மாதிரி அதை மாற்றிக்கொண்டு வந்தார்கள். அம்புலன்ஸுக்குத் தெரு விலகுவது போல. அந்த வேலையின் பிரதான பகுதி 2024 இல் வெளிவந்த 6.12 கேர்னலோடுதான் லினக்ஸுக்குள் முழுதாகச் சேர்ந்தது. ஆர்டரையும் ஜாக்கையும் தொடங்கிய போல் டேவிஸ், ஆமசன் நிறுவனத்தின் ஆரம்பகால நிரலாளர்களில் ஒருவர். அதை விட்டு வந்து இதைச் செய்துகொண்டிருக்கிறார். இவர்களில் யாருக்கும் எங்கள் ஊரைத் தெரியாது. ஆனால் ஒரு அண்ணாவியாருக்குத் தன் குரல் பிந்தாமல் கேட்பதில் அவர்களுடைய கையும் இருக்கிறது.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரரின் விசயம் என்றும் நினைக்க வேண்டாம். 2004 மார்கழிச் சுனாமி எங்கள் கரையை அடித்துக்கொண்டு போனபோது, காணாமல்போனவர்களையும் முகாம்களையும் உதவிகளையும் பதிந்து தேடுவதற்கு இலங்கைக் கணினித்துறைத் தன்னார்வலர்கள் சஹானா என்ற மென்பொருளை எழுதினார்கள். திறந்த மூலமாகவே விட்டார்கள். பிறகு வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் அது பாவிக்கப்பட்டது. இதைச் செய்யத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் இருந்தார்கள், இருக்கிறார்கள்.

சரி, கஷ்டங்களையும் சொல்லியாக வேண்டும். யூரியூப்பில் பீட் செய்யப் பழக்குகிற முக்கால்வாசிப் பேர் காட்டுகிற பிளகின்கள் லினக்ஸில் நேராக ஓடாது. விண்டோஸ் பிளகின்களை வைன் வழியாக ஓட்டுகிற யாபிரிட்ஜ் என்ற வழி இருக்கிறது. சிலது ஓடும், சிலது மண்டையைக் கிறுக்காக்கும். வேறு மென்பொருள் பாவிக்கிற நண்பர்களோடு சேர்ந்து வேலை செய்யும்போது புரஜெக்ட் கோப்பை அப்படியே கொடுத்து வாங்க முடியாது. நாங்கள் ஒவ்வொரு தடத்தையும் முதல் செக்கனிலிருந்து வேவ் கோப்பாக எடுத்து அனுப்புகிறோம். அது எல்லா இடத்திலும் திறக்கும். கொஞ்சம் வேலைதான். ரெடிமேட் லூப்களை இழுத்துப் போட்டுப் பத்து நிமிடத்தில் பீட் செய்ய வேண்டும் என்றால் எல்எம்எம்எஸ்ஸில் தொடங்குங்கள், ஆர்டரில் தொடங்காதீர்கள். வெறும் குரல் வெட்டி ஒட்ட ஓடாசிட்டி போதும். அது விண்டோஸிலும் ஓடும்.

காசுக் கதையும் இருக்கிறது. ஆர்டரின் மூலக் குறிப்பு யாருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் அவர்களுடைய தளத்திலிருந்து தயார் நிலையில் இறக்கக் காசு கேட்பார்கள். உபுண்டு, டெபியன் போன்றவற்றின் களஞ்சியத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. நாங்கள் அங்கிருந்துதான் எடுத்தோம். பிறகு முதல் நிகழ்ச்சிக் காசு வந்தபோது சின்னத் தொகை ஒன்று கட்டினோம். டொலரைப் பெருக்கிப் பார்த்துத்தான் கட்டினோம். மென்பொருளுக்கு நாங்கள் காசு கொடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

எங்களுக்கு இதில் பிடித்துப்போன விசயம் ஒன்று உண்டு. ஆர்டரில் ஒரு வேலையைச் சேமித்தால் அது ஒரு கோப்புறை. உள்ளே போய்ப் பார்த்தால் பதிந்த ஒவ்வொரு ஒலியும் சாதாரண வேவ் கோப்பாக இருக்கும். எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு சத்தம் என்பதெல்லாம் ஒரு எழுத்துக் கோப்பில் இருக்கும். நோட்பேட்டில் திறந்தால்கூட வாசிக்கலாம். நாளைக்கு ஆர்டர் என்ற ஒன்றே இல்லாமல் போனாலும் பெரியப்பாவின் குரலை எடுக்கலாம். கள்ளத் திறப்பு, புதுக் கிராக், யாருக்கோ அனுப்ப வேண்டிய டொலர் ஒன்றும் தேவையில்லை. லினக்ஸிலும் ஹார்ட் டிஸ்க் பழுதாகும், முட்டாள்தனமாக அழித்துவிடலாம், அதெல்லாம் வேறு. ஆனால் எங்கள் ஊர்க் குரலுக்கான திறப்பு எங்கள் கையிலேயே இருக்கிறது.

2023 ஆவணியில் இரண்டாம் தடவை பதிந்தோம். அன்றைக்கு வயர் வேலைக்காக அந்தப் பக்கம் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தியிருந்தார்கள். முதலில் தலையில் கை வைத்தோம். பிறகு பார்த்தால் அதுதான் நல்லது. லப்டொப் பட்டறியில், பெட்டி யூஎஸ்பியில், ஃபேன் இல்லை, பக்கத்து வீட்டு ரீவி இல்லை, வயரில் வருகிற அந்த "ம்ம்ம்" என்ற இரைச்சலும் இல்லை. காகத்தைத் தவிர எல்லாம் ஒத்துழைத்தது.

பெரியப்பாவின் மாணவர் ஒருவர் மத்தளம் அடித்தார். பெரியப்பா சல்லரியை வலது கையால் தொடையில் வைத்துத் தட்டிக் கொண்டே பாடினார். மெட்ரோனோம் வைக்கவில்லை. வரவுப் பாட்டுத் தொடங்கும்போது ஒரு வேகம், ஆள் களரிக்குள் வந்து ஆடத் தொடங்க இன்னொரு வேகம். "அந்த டிக் டிக் ஆருக்கு மனே ஆடும்?" என்று முதல் தடவையே கேட்டிருந்தார். ஆர்டரில் தாளக் கோடுகளை மனிசன் அடித்ததற்கு ஏற்றபடி இழுத்து வைக்கலாம். கிட்டாரும் ராப்பும் அவருக்குப் பின்னால் போகும்படி வைத்தோம். சுருதிக்கும் அதே. அவர் குரல் கீபோர்டின் கட்டைகளுக்கு நடுவில் எங்கேயோ நிற்கும். நாஸ்கா ஒக்டேவியன் போல் என்ற ருமேனியர் தொடங்கிய ஸின்ஆட்சப்எஃப்எக்ஸ் என்ற மென்பொருள் இசைக்கருவியில் அடிச் சுருதியையும் சுர இடைவெளிகளையும் நாங்களே எழுதி வைக்கலாம். முன்பென்றால் அவருடைய குரலைப் பிடித்துக் கட்டைக்கு இழுத்திருப்போம். உண்மையில் 2021 இல் இரண்டு பாட்டுக்கு அப்படித்தான் செய்திருந்தோம். இந்தத் தடவை கட்டையை அவருக்கு இழுத்தோம்.

ஏழு பாட்டுத்தான் பதிய முடிந்தது. மற்ற நாலையும் அவர் பாடவில்லை. இரண்டு மறந்துவிட்டது என்றார். மற்ற இரண்டும் மத்தளத்தில் தன் கை இருந்தால்தான் வரும் என்றார். கொப்பியைக் கேட்டோம். சிரித்தார், தரவில்லை.

பின்னேரம் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். விரல் தொடையில் தாளம் போட்டது, இடது கை விரலும்தான், மெதுவாக. முடிய, "பிந்தல்ல" என்றார். பிறகு, "போன தரம் மாதிரிப் போயிராதே?" என்று கேட்டார்.

போகாது என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. என்ன செய்கிறோம் என்று சொன்னோம். ஏழு பாட்டின் எல்லாத் தடத்தையும் ஃபிளாக் வடிவத்தில் எடுத்து வைத்திருக்கிறோம். அதுவும் திறந்த நியமம், தரம் குறையாமல் இடத்தைப் பாதியளவுக்குக் குறைக்கும். எங்கள் நாலு பேரில் இரண்டு பேர் வீட்டில் தனித்தனி ஹார்ட் டிஸ்க், நகல் எடுத்த உடனே கழற்றி அலுமாரிக்குள். ஒன்று பெரியப்பாவின் மகளிடம், பென்ட்ரைவில். நூலக நிறுவனத்தின் எண்ணிம ஆவணகத்துக்குக் கொடுப்பதைப் பற்றியும் அவரிடம் கேட்டிருக்கிறோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். அவருடைய பாட்டு, அவர்தான் சொல்ல வேண்டும்.

தம்பி, உனக்கு லினக்ஸ் போட வேண்டுமென்றால் ஒரு பென்ட்ரைவோடு வா. இருக்கிற விண்டோஸை அழிக்காமலே பென்ட்ரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், பிடித்தால் போடலாம். உன் வீட்டில் வயது போனவர்கள் யாராவது பாடுவார்கள் என்றால், மென்பொருளுக்காகக் காத்திராதே. முதலில் ஃபோனிலாவது பதிந்து வை. பதிந்த உடனே இரண்டு இடத்தில் நகல் எடு. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்று. ஹெட்போன் போடுகிறாய் என்றால், பெட்டியின் முகப்பில் ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும். முதல் அதைத் தட்டு.